மறுசோறு

திருச்சுழி
12.3.1990

அன்பு மகள் முத்துலட்சுமிக்கு அம்மா மூக்கம்மாள் எழுதியது.

உன் லெட்டர் கிடைச்சது. பக்கத்து வீட்டு ஷம்சாத் பேகம்தான் முக்காட்டுக்குள்ள மறைச்சுக் கொண்டாந்து குடுத்தா. அவ வீட்டுக்காரர் சவூதியிலேருந்து போடுற லெட்டரோட உன்னுதும் சேர்ந்து வர்றதால யாருக்கும் சந்தேகம் வரலை. இனிமேலும் அவ முகவரிக்கே போடு. நம்ம வீட்டுக்குப் போட்டுத் தொலைச்சிராதே.

இங்க எல்லாரும் சுகம்னு எழுதினா அது பொய். கண்மாய் வத்திப்போச்சு, வெயிலு மண்டையைப் பிளக்குது, அதெல்லாம் வருசா வருசம் உள்ளதுதான். இப்ப வந்திருக்கிறது வேற. உங்கப்பா வீடியோ கேசட்டுக் கடைக்கு ஒரு படம் வந்திருக்கு. படத்தோட பேரை எழுத மாட்டேன், இந்த லெட்டர் எத்தனை கை மாறி வருமோ. நம்மளை மாதிரி ஒரு கடைக்காரர் வீட்டுப் பொண்ணு வேற சாதிப் பையனைக் கட்டிக்கிட்டுப் போற கதை. இந்தப் பக்கம் எந்தத் தியேட்டர்லயும் அதைப் போட யாருக்கும் தைரியம் வரலை.

பொண்ணு ஓடிப்போற படம் நம்ம கடையிலேயே இருபது கிடக்கு. அதுக்கெல்லாம் யாரும் மூச்சு விட்டதில்லை. கடைசியில பொண்ணோ பையனோ செத்துப்போவாக, எல்லாரும் மூக்கைச் சிந்திட்டு எந்திரிச்சுப் போவாக. இந்தப் படத்துல யாரும் சாகலையாம். அப்பன்காரன் மகளைத் தேடிப் போயி அவ வீட்டுலயே கை நனைச்சுச் சாப்பிடுறானாம். அதைத்தான் இவுகளால பொறுக்க முடியலை.

மதுரையிலேருந்து மஞ்சப்பையில கொண்டாந்த கேசட்டுகள்ல இதுவும் ஒண்ணு. உங்கப்பா எடுக்கிறதெல்லாம் சாமி படமும் சண்டைப் படமும்தான்னு உனக்கே தெரியும். இதை எதுக்கு எடுத்தீகன்னு கேட்டேன். மத்ததோட சேர்ந்து வந்துச்சு, வச்சிருக்கேன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாக. இன்னும் போட்டுக்கூடப் பார்க்கலை. மேஜை டிராயர்ல கிடக்கு.

எப்படியோ விசயம் வெளிய தெரிஞ்சுபோச்சு. நேத்து வீரபத்திரன் பெரியப்பா கடைத்தெருப் பெரியவுகளைக் கூட்டிக்கிட்டு வந்தாரு. நம்ம கடை இருக்கிற கட்டடம் அவரோடதுதான்னு மறந்திருக்க மாட்டே. வர்ற வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலயும் உங்கப்பா தன் கையால அந்தக் கேசட்டை உடைக்கணுமாம். வேற யாரும் உடைச்சா ஆகாதாம். யார் வீட்டுல இப்படி நடந்துச்சோ அவரே உடைச்சாத்தான் தெருவுக்கு மரியாதையாம். இல்லைன்னா கடையைக் காலி பண்ணணும், எந்த விசேசத்துக்கும் நம்ம வீடியோ டெக்கைத் தொட மாட்டாகளாம். காதுகுத்து, சடங்கு, கல்யாணம்னு டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு விட்டுத்தானே நம்ம அடுப்பு எரியுது. நரிக்குடி வரைக்கும் பஸ்ஸுல டெக்கை மடியில வச்சுக்கிட்டுப் போயி வளர்த்த கடை.

நாக்கைப் பிடுங்குற மாதிரி நாலு கேட்டிருப்பேன், உங்கப்பா கையைக் காட்டி அடக்கிட்டாக. சரின்னும் சொல்லலை, முடியாதுன்னும் சொல்லலை. நீ உதயகுமாரைக் கட்டிக்கிட்டுத் திருப்பூருக்குப் போன இந்த ரெண்டு வருசத்துல உன் பேரை ஒரு தடவைகூட அவுக வாயில நான் கேட்டதில்லை. இன்னொண்ணு உனக்கு எழுதினதே இல்லை. முன்னெல்லாம் ராச் சாப்பாட்டுக்குத் தட்டை நீட்டி நீட்டி மறுசோறு வாங்குவாகளே, நீ போனதிலேருந்து ஒரு தடவை போட்டதோட கையைக் கழுவிருறாக. நானும் கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னு பார்த்துட்டு உள்ள போயிருவேன்.

வெள்ளிக்கிழமை என்ன ஆகுமோ தெரியலை. நீ பதறிக்கிட்டு பஸ்ஸு ஏறி வந்துராதே, வந்தா இன்னும் பெரிசாகும். உடைச்சாகன்னு கேள்விப்பட்டா, கடைக்காகத்தான் உடைச்சாகன்னு நினைச்சுக்கோ. உன்னை வெட்டிவிட்டதா நினைச்சு அழுதுக்கிட்டுக் கிடக்காதே. அந்தப் பையன்கிட்ட இதையெல்லாம் சொல்ல வேண்டாம். நம்ம ஊர்ச் சாமி திருமேனிநாதரைக் கும்பிட்டுக்கோ.

உன் அம்மா
மூக்கம்மாள்


திருச்சுழி
2.4.1990

அன்பு மகள் முத்துலட்சுமிக்கு,

சேதி தெரியாம நீ துடிச்சுப் போயிருப்பே. உக்காந்து எழுத எனக்கு நேரமும் இல்லை, மனசும் ஒரு நிலையில இல்லை. இப்ப எல்லாத்தையும் எழுதுறேன், நிதானமாப் படி.

வெள்ளிக்கிழமை காலையில ஆறேழு பேர் வந்து நின்னாக. உடைக்கக் கல்லு வேணும்னு வீரபத்திரன் பெரியப்பா என்கிட்டயே வந்து அம்மிக்குழவியைக் கேட்டாரு. எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம்! மசால் அரைக்கிற கல்லை இந்த வேலைக்கெல்லாம் குடுக்கிறதில்லை, வேணும்னா உங்க வீட்டுலேருந்து சுமந்துட்டு வாங்கன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டேன்.

உங்கப்பா டிராயரைத் திறந்து கேசட்டை எடுத்தாக. எடுத்தவுக, இதை உங்கள்ல யாரு பார்த்திருக்கீகன்னு கேட்டாக. ஒருத்தரும் பார்க்கலை. ஒருத்தர் மட்டும் அவரு மச்சினன் பார்த்துட்டுச் சொன்னதாச் சொன்னாரு. நானும் பார்க்கலை, என்னத்தை உடைக்கிறேன்னு தெரியாம உடைக்க மாட்டேன்னு சொல்லிட்டு, உங்கப்பா கேசட்டை டெக்குக்குள்ள தள்ளிட்டாக.

வேற வழியில்லாம அம்புட்டுப் பேரும் பெஞ்சுல உக்காந்தாக. வீரபத்திரன் பெரியப்பா முதல்ல திட்டிக்கிட்டேதான் பார்த்தாரு. ஒரு சிரிப்புக் கட்டத்துல தன்னை மறந்து சிரிச்சுட்டு, அப்புறம் இருமுற மாதிரிச் சமாளிச்சாரு பாரு, அந்தப் பதட்டத்துலயும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. அதுக்குள்ள ஷம்சாத் பேகமும் தெருப் பொம்பளைகளும் வாசல்ல கூடிட்டாக. விரட்டிப் பார்த்தாக, ஒருத்தியும் நகரலை.

அந்தக் கட்டம் வந்துச்சு. அப்பன்காரன் மக வீட்டு வாசல்ல வந்து நிக்கிறான். அவ ஒரு வார்த்தை பேசலை. இலையைக் கழுவிப் போட்டுச் சோத்தை வைக்கிறா. அவன் உக்காந்து சாப்பிடுறான். முடிச்சுட்டு, இன்னும் போடுன்னு இலையைக் காட்டுறான். போதும் நிறுத்துன்னு கத்திக்கிட்டே வீரபத்திரன் பெரியப்பா எந்திரிச்சு டெக்குப் பக்கம் கையை நீட்டினாரு. உங்கப்பா அந்தக் கையை எட்டிப் பிடிச்சுட்டாக. அந்த மனுசன் சாப்பிட்டு முடிக்கட்டும் அண்ணே, சாப்பிடுறவனைப் பாதியில எழுப்பக் கூடாதுன்னு சொன்னாக. சத்தமே போடலை. பிடிச்ச கையை விடவும் இல்லை.

எதிரியாவே இருந்தாலும் சோத்துக்கு முன்னால உக்காந்தவனை எழுப்புற பழக்கம் நம்ம பக்கம் கிடையாதே. முணுமுணுத்துக்கிட்டே உக்காந்துட்டாரு. படத்துல அந்த ஆளு மோர் ஊத்திச் சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவுற வரைக்கும் கடையை விட்டு ஒருத்தரும் எந்திரிச்சுப் போகலை. கழுவினதும் உங்கப்பாவே நிறுத்தினாக. கேசட்டை எடுத்தாக. டிராயர்ல வைக்கலை, முன் அலமாரியில எல்லாருக்கும் தெரியுற மாதிரி வச்சாக. வேணுங்கிறவுக எடுத்துட்டுப் போங்க, வேண்டாங்கிறவுக விட்டுருங்க, இது என் கடையில இருக்கும்னு சொன்னாக. ரெண்டு வருசத்துக்கு அப்புறம் அன்னைக்குத்தான் அவுக குரல் எனக்குப் பழைய குரலாக் கேட்டுச்சு.

பெரியவுகளும் சொன்னபடியே செஞ்சுட்டாக. சித்திரை பொறக்கிறதுக்குள்ள கடையைக் காலி பண்ணணும். நம்மகிட்டச் சொல்லி வச்சிருந்த காதுகுத்து வீட்டுக்காரவுக காரியாபட்டியிலேருந்து டெக்கு எடுத்துட்டாக. உங்கப்பா பேரைச் சொல்லி, பொன்னுச்சாமி கடைப் பக்கம் போகாதீகன்னு தெருவுல சொல்லி வச்சிருக்காக. டீக்கடையில உங்கப்பாகூட யாரும் பேச்சுக் குடுக்கிறதில்லை. பயமாத்தான் இருக்கு ஆத்தா, உன்கிட்ட எதுக்கு நடிக்கணும்.

ஆனா ஒரு கூத்தைக் கேளு. மத்தியானம் உங்கப்பா சாப்பிடப் போற நேரம் கடையில நான்தானே உக்காந்திருப்பேன். அந்நேரம் பார்த்துப் பொம்பளைக ஒவ்வொருத்தியா வந்து அந்தக் கேசட்டைக் கேக்குறாக. ஒரு நாள்கூட அது அலமாரியில தங்கலை. வீரபத்திரன் பெரியப்பா வீட்டுக்காரியே ஷம்சாத்தை விட்டு வாங்கிப் பார்த்துட்டா. உங்கப்பாவுக்கு இது தெரியாம இருக்குமா? இப்பல்லாம் சாப்பிடப் போனா சீக்கிரம் கடைக்குத் திரும்புறதே இல்லை. ராச் சாப்பாடு மட்டும் இன்னும் அதே ஒரு தடவைதான்.

நேத்துத் திடீர்னு, மதுரையிலேருந்து திருப்பூருக்கு நேர் பஸ்ஸு இருக்கான்னு என்கிட்டக் கேட்டாக. அங்க டெக்குக் கடை போட இடம் தோதுப்படுமான்னு பார்க்கணுமாம். வாற ஞாயித்துக்கிழமை கிளம்புறாக. உன் முகவரியை நான் குடுக்கலை. அவுகளே ஷம்சாத் வீட்டுக்குப் போயி எழுதி வாங்கிச் சட்டைப் பையில வச்சிருக்காக. அவ மூலமா லெட்டர் வர்றது எப்பத் தெரிஞ்சுச்சோ, இத்தனை நாளும் வாயைத் திறக்கலை பாரேன்.

கடை பார்க்கத்தான் வந்திருக்காகன்னு நீயும் நம்பின மாதிரியே இரு. கால்ல விழுந்து அழாதே. பழசைப் பேசாதே. கத்திரிக்காய் போட்டுப் புளிக்குழம்பு வை, காரம் தூக்கலா இருக்கட்டும். மாப்பிள்ளையையும் பக்கத்துல உக்காரச் சொல்லு. அவரை அத்தை கேட்டதாச் சொல்லு. ரெண்டு பேரும் மக்கமனை, புள்ளைகுட்டியோட நல்லா இருங்க, ஒரு குறையும் வராது.

பதிலு நீளமா எழுத வேண்டாம். உங்கப்பா மறுசோறு கேட்டாகளான்னு மட்டும் ஒரு வரி எழுது.

வழி பார்த்திருக்கும் அம்மா
மூக்கம்மாள்