பத்து விரல் ரேகை

செவ்வாய், இரவு.

இடது கையால் எழுதுகிறேன். பணி நிரந்தரம் கேட்டு எங்கள் கௌரவ விரிவுரையாளர் சங்கம் காலையில் மறியலில் உட்கார்ந்தது. பேச வருவதாகச் சொன்ன அதிகாரிகள் போலீஸைத்தான் அனுப்பினார்கள். முதல் லத்தி சங்கச் செயலாளர் ஸ்டெல்லாவின் மண்டையைப் பிளந்தது. தடுக்க நீட்டிய என் வலது கையை அடுத்தது நொறுக்கியது. எங்களை ஏற்றிய போலீஸ் வேன் முழுக்க ரத்தம்.

சவுதியில் கல்லூரி வேலை கிடைத்ததை ஸ்டெல்லாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நாளை விசாவுக்குக் கைரேகை வைக்க வேண்டும். மாவுக்கட்டு விரல் நுனிவரை மூடியிருக்கிறது.

ராயபுரம் வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: “பத்து வெரலும் கேப்பாங்கோ. இத்த வச்சிகினு இன்னா பண்ணுவ?”

“போவல. இங்கயே இருந்துடறேன்.”

“இருந்து? இன்னொரு கையையும் ஒட்ச்சிக்கவா?”

மீன் வெட்டும் கத்தரிக்கோலைக் கழுவி எடுத்து வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறாள். கட்டுப்போட்ட கையை நீட்டச் சொல்கிறாள்.