ஆப்பம் போன்ற அண்டமும் எங்கள் வீட்டு மாப்பிள்ளையும்

ஜனவரி 18
இங்கே நான் எழுதப்போவதைச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தாலும் எங்கள் பேட்டையான சாரத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அக்கா மகள் கார்குழலி ஒருவனை விரும்புகிறாள். பெயர் ராஜ்கமல், பக்கத்துப் பேட்டையான கதிர்காமத்துக்காரன். தொழில்? முப்பது கோடி ஒளியாண்டு தள்ளியிருக்கும் ஒரு விண்மீன் திரளைப் பார்ப்பது. அதற்குச் சம்பளம் வேறு! தாய்மாமன் நான் தலையாட்டாமல் நிச்சயதார்த்தத் தட்டு மாறாது என்று அக்கா சொல்லிவிட்டாள். பூமியே என் கழுத்தசைவில்தான் நிற்கிறது.

ஜனவரி 20
கதிர்காமத்தில் விசாரணை. டீக்கடை, சலூன், இஸ்திரி வண்டி எல்லாம் ஏறி இறங்கினேன்.
"நல்ல பையன்தாங்க. கம்ப்யூட்டர்ல ஏதோ வெள்ளையா பாத்துக்கினே இருப்பான்" என்றார் இஸ்திரிக்காரர்.
வெள்ளையா? என்ன வெள்ளை? என் சந்தேகம் மணக்குள விநாயகர் கோயில் யானை அளவுக்கு வீங்கிவிட்டது.

ஜனவரி 21
அந்தத் திரளுக்குப் பெயர்கூட இல்லையாம், வெறும் நம்பராம். பேரில்லாத ஊரில் இவனுக்கு என்ன வேலை?

ஜனவரி 25
பையனை வரவழைத்து, நம்மூரை ஆண்ட பிரெஞ்சு கவர்னரே நடுங்கும் பார்வை ஒன்று பார்த்தேன். கைப்பேசியில் படம் காட்டினான். நடுவில் தடிப்பு, ஓரமெல்லாம் மெலிசு. ஆப்பம்!
"மத்த திரள்லாம் சுருள் சுருளா கை இருக்குமே, இதுல எங்க?"
"இதுக்கு இல்ல மாமா. லென்ஸ் வடிவம். உள்ள இருந்த வாயு தீந்துபோச்சு. புதுசா நட்சத்திரம் பொறக்கறது ரொம்ப அபூர்வம்."
பிடித்துவிட்டேன்!
"பிள்ள பொறக்காத எடத்தையே வருஷக்கணக்கா பாத்துக்கினு இருக்க. எங்க பொண்ணக் கட்டினா வம்சம் வெளங்குமா?"
சொன்ன பிறகுதான் பார்த்தேன் — என் வீட்டுக்காரி பாக்கியம் காபியோடு நிற்கிறாள். எங்களுக்கும்தானே பிள்ளை இல்லை. ஏன்டா, இந்த வாய அடக்க மாட்டியா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.
பையன் அவளைப் பார்த்துச் சொன்னான்: "இருக்கற நட்சத்திரம்லாம் எரிஞ்சிக்கினுதான் இருக்கு அத்தை. அந்த வெளிச்சம்தான் இம்மாந்தூரம் வருது."
பாக்கியம் அவன் தட்டில் இன்னொரு முறுக்கு வைத்தாள். எனக்குக் காபிகூட இல்லை.

ஜனவரி 26
பாக்கியம் பேசவில்லை.

ஜனவரி 29
பேசினாள். "அந்த ஆப்பப் படத்த என் போனுக்கு அனுப்பச் சொல்லுங்க." அவ்வளவுதான். பையனை நானே அழைத்துக் கேட்டேன். கேட்ட கையோடு, "அப்பா அம்மாவக் கூட்டிக்கினு வா" என்றும் சொல்லித் தொலைத்தேன்.

பிப்ரவரி 9
தட்டு மாற்றியாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வரிசை கடற்கரைச் சாலைவரை நின்றது.
சரி, வந்தது ஒரே ஒரு ஆட்டோ. கவர்னர் பார்வையும் புளுகுதான். அன்று நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பையன்மேல் சந்தேகம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, விடமாட்டேன். ஆனால் ஒன்று மட்டும் நிஜம். பாக்கியத்தின் போனைத் திறந்தால் முதலில் தெரிவது அந்த ஆப்பம்தான்.