ராஜினாமாவின் பின்பக்கம்

என்னங்க,

இன்று ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு உங்கள் ஊருக்கே வந்துவிடுவதாகச் சொன்னேன் அல்லவா? திட்டாமல் படியுங்கள்.

பள்ளிக்குப் பின்னால் இருக்கும் குட்டையைப் பற்றிக் கட்டுரை கேட்டிருந்தேன். முப்பது பிள்ளைகளும் ஏஐயிடம் கேட்டு, "குட்டை செத்துவிட்டது" என்று அச்சடித்தாற்போல் எழுதி வந்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! "எந்திரிங்க, நேர்ல போய்ப் பாப்போம்" என்று கிளப்பிவிட்டேன்.

முழங்கால் சேற்றில் நின்று வகுப்பின் வாயாடி கத்தினாள்: "டீச்சர், தவளை! பாவம், ஏஐக்கு இத யாரு சொல்றது?"

"நீதான்டி சொல்லணும்!"

எண்ணிக்கை எழுதக் காகிதம் கேட்டார்கள். என் பையில் இருந்தது அந்த ஒரே தாள்தான். அதன் பின்பக்கம் முழுக்க இப்போது தவளைக் கணக்கு. நாளைக்கும் எண்ண வேண்டுமாம்.

நீங்களே லீவு போட்டுவிட்டு வாருங்களேன். ரப்பர் பூட்ஸை மறக்காதீர்கள்.

உங்கள்
சேற்றுக்கால் டீச்சர்