கோட்டைத் தாண்டிய கணவாய்

14-3-1995, செவ்வாய்

இது இப்படித்தான் முடியும் என்று நான் அன்றே சொன்னேன். அண்ணன் மகள் தாஜுன்னிசா பாம்பனில் கணவாய் மீன் சுத்தம் செய்யும் கொட்டகை போட்ட அன்றே சொன்னேன்: ஐரோப்பாவுக்குப் போவது மீன் இல்லை, காகிதம் என்று. யார் கேட்டார்கள்?

அவளுடைய முதல் சரக்கு தூத்துக்குடியில் குளிர் அறையில் கிடக்கிறது. எல்லாம் என் படகு பிடித்தது. இந்தியாவில் பிடித்த மீன் என்று அரசாங்கச் சான்றிதழ் இருந்தால், ஏழை நாட்டுச் சரக்கு என்று அங்கே வரியைக் குறைப்பார்களாம். இல்லாவிட்டால் வாங்குகிறவன் வேண்டாம் என்று சொல்லிவிடுவான். ஏழை நாடாம்! என் படகைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

நேற்று கொட்டகைக்கு வந்த அதிகாரி, எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டார். நான் ஒளிக்கவில்லை. "கச்சத்தீவுக்குக் கிழக்க. எழுபத்தி நாலுல கடல்ல கோடு போட்டாகள்ல, அன்னையிலருந்து தாண்டுறேன். ரோந்துக் கப்பலே எனக்கு சலாம் வைக்கும்" என்றேன். பெண்கள் சிரித்தார்கள். அவர் பேனாவை மூடினார். "அப்ப இது இலங்கை மீன். இந்தியச் சான்றிதழ் கிடையாது."

15-3-1995

கணவாய்க்கு ஏது நாடு? பத்துக் கை இருக்கிறது, ஒன்றிலாவது பாஸ்போர்ட் வைத்திருக்கிறதா? இதைக் கேட்க அந்த அதிகாரிக்குப் புத்தி இல்லை.

17-3-1995, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வரும்போது தாஜு வாசலில் நின்றாள். சலாம் சொல்லவில்லை.

"கொட்டகையில பதினெட்டுப் பொம்பளைக, சாச்சா. இந்தச் சரக்கு திரும்புனா வாங்குற கம்பெனிக்காரன் அடுத்ததைக் கேக்க மாட்டான். கதவைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான். ஒங்க கதைய வேற எங்கனயாச்சும் சொல்லக் கூடாதா?"

கதையாம். இருபத்தொரு வருஷமாக இந்தக் கரையே வாயைப் பிளந்து கேட்டது. கதையாம்!

18-3-1995

சோறு இறங்கவில்லை. கோபத்தில்தான். வேறு காரணம் இல்லை.

20-3-1995, திங்கள்

படகு கோட்டைத் தாண்டவில்லை என்று நான் எழுதிக் கொடுத்து, சுக்கான் பிடித்தவனும் சாட்சி சொன்னால் அதிகாரி மறுபடி பார்ப்பாராம். முடியாது என்றேன். ஊருக்கு முன்னால் நானே என்னைப் பொய்யன் என்று எழுத வேண்டுமா? எவனுக்காக? அங்கே எவனோ மலிவாக மீன் தின்பதற்கா?

கொட்டகைப் பக்கம் போனேன். மீனம்மாள் கையெல்லாம் கணவாய் மை. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்கிறாள்: "கோடு அங்கனயேதான் பாய் இருக்கும். எங்க வேலைதான் இருக்காது."

திமிர்.

22-3-1995, புதன்

போனேன். சுக்கான் பிடிக்கும் கூத்தையாவையும் கூட்டிப் போனேன். எழுதிக் கையெழுத்தும் போட்டேன். "அன்னைக்கு வேற மாதிரி சொன்னீங்களே?" என்றார் அதிகாரி. நீரோட்டம், திசைகாட்டி என்று நல்ல பதிலாக யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் கூத்தையா முந்திக்கொண்டான்.

"சார், பாய் ஏறாம அந்தப் படகு கெளம்பாது. ஏறுனா, பாலம் கண்ணுக்கு மறையவுமே வாந்தி எடுத்துருவாரு. உடனே திருப்புடாம்பாரு. கோட்டுப் பக்கமே நாங்க போனதில்ல. கரையில எல்லாருக்கும் தெரியும் சார்."

எல்லாருக்கும்! தெரிந்துகொண்டே இருபத்தொரு வருஷம் டீ வாங்கிக் கொடுத்து, "அப்பறம் என்ன பாய் ஆச்சு?" என்று கேட்டிருக்கிறான்கள். துரோகிகள். ஒருத்தனுக்குமா நெஞ்சில் ஈரம் இல்லை?

24-3-1995, வெள்ளி

சான்றிதழ் வந்துவிட்டது. சரக்கு கப்பலேறுகிறது. கம்பெனி அடுத்த சரக்கும் கேட்டிருக்கிறதாம். தாஜு சலாம் சொன்னாள். பிறகு, "ரோந்துக் கப்பல் எப்படி சாச்சா சலாம் வச்சுச்சு? கொடிய ஆட்டியா?" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இதை யாரும் படிக்கப் போவதில்லை. அந்தக் கோட்டை நான் பார்த்ததே இல்லை. நடுக்கடலில் அது எப்படித் தெரியும், மிதவை போட்டிருப்பார்களா, ஒன்றுமே இருக்காதா என்று இந்த இருபத்தொரு வருஷமும் யாரிடமாவது கேட்க ஆசை. கேட்டால் போகாதவன் என்று தெரிந்துவிடுமே.