அடுத்த வருச நாவல்களுக்க முடிவு

ரினிக்க அப்பா,

எங்க அப்பாவுக்க நாப்பத்தொண்ணாம் நாள் ஜெபத்துக்கு நானும் ரினியும் பூவாருக்குப் போறோம். மீன்கறி சட்டியில உண்டு. சாவி சன்னல்ல.

தொடரா வாசிச்சா ருசி போவும், அடுத்த வருசம் புத்தகமா வரட்டும்னு காலண்டருக்க பின்னால நாலு நாவலுக்க பேர் எழுதி வச்சிருக்கியளே, நாலையும் நான் வாரப்பத்திரிகையிலயே வாசிச்சு முடிச்சாச்சு. கடைசியில யாரு சாவா, யாரு யார விட்டுட்டுப் போவான்னு ஒவ்வொரு பேருக்க பக்கத்துலயும் பேனாவால எழுதியிருக்கேன். அழியாது.

அப்பா இழுத்துட்டுக் கிடக்கும்போ ஆளனுப்பினேன். "பத்து பக்கந்தான் பாக்கி, முடிச்சிட்டு வாறேன்"னு சொன்ன ஆளாக்கும் நீங்க.

மறந்துட்டேன்: அப்பா கடைசியா பேரு சொல்லி விளிச்சது உங்களத்தான். விளிச்சு என்ன சொன்னாருன்னு மட்டும் நான் சாகுறவரைக்கும் சொல்லமாட்டேன்.