ஃப்ரீசரில் வைத்த கல்

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முதுகுவலி தேவலையா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

இந்தக் குளிர் பாலைவனத்தில் ஒரு புல்கூடக் கிடையாது. கல்லை உடைத்தால் மட்டும் உள்ளே பச்சையாக ஒரு கோடு தெரியும். அது நுண்ணுயிர்களின் கூட்டம். வேறு கிரகத்தில் உயிர் இருந்தால் இப்படித்தான் ஒளிந்திருக்கும் என்று எங்கள் ஆய்வுக் குழுத் தலைவர் ஓயாமல் சொல்வார். உடைத்த கல்லை உடனே டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுவோம். அந்தக் குளிரில் எந்த உயிரும் தூங்கிவிடும் என்றுதான் எல்லோரும் படித்திருக்கிறோம்.

போன வாரம் ஒரு வேடிக்கை. ஃப்ரீசர் கதவு திறக்க வரவில்லை. நெம்பித் திறந்தால் டப்பா மூடியெல்லாம் தூக்கிக்கொண்டு, உள்ளே சுவர் முழுக்கப் பச்சை.

"தூங்குதுன்னு நெனச்சோம். அது பாட்டுக்கு வளந்துட்டே இருந்திருக்கு" என்றார் தலைவர்.

அதைத் துடைத்துக் கழுவிய சமையல்காரர் இன்னும் எழுந்திருக்கவில்லை. வெறும் இருமல்தான். விஷயம் வெளியே போகக்கூடாதென்று எங்கள் போன்களை வாங்கி வைத்துவிட்டார்கள். எங்களுக்குச் சாமான் கொண்டுவரும் விமானி இந்தக் கடிதத்தை யாருக்கும் தெரியாமல் கொண்டுவருகிறார்.

கம்பளிக் காலுறை அனுப்பு. பாப்பா கிறுக்கிய தாள் ஏதாவது இருந்தால் அதையும் வை.

இன்னொன்று. லீவில் வந்தபோது பாப்பாவுக்குக் காட்ட ஒரு கல் கொண்டுவந்தேனே, "ஃப்ரீசர்ல கல்ல வைக்கிற ஒரே மனுஷன் நீங்கதான்" என்று திட்டினாயே, அது அங்கேயே இருந்தால் ஃப்ரீசரைத் திறக்காதே. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பாப்பாவைக் கூட்டிக்கொண்டு உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடு. பதறாதே. விமானி கூப்பிடுகிறார்.

அவள் ஐஸ் எடுத்துத் தின்னுகிற பழக்கத்தை விட்டுவிட்டாளா என்று மட்டும் உடனே எழுது.

பாப்பாவின் அப்பா