நாலாவது டப்பா

ஏனுங்க, இன்றைக்கு எஸ்டேட்டில் சம்பளம் போட்டார்கள். அலமாரியிலிருந்து நாலாவது டப்பாவை இறக்கினேன். கனம் அப்படியே இருக்கிறது. நீங்கள் போய் ஆறு மாதமாகிறது.

சம்பள நாளில் நாம் மூவரும் பாயில் உட்கார்ந்தாக வேண்டும். உங்கள் கூலியும் என் கூலியும் நடுவில் இருக்கும். மலர் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த நாளிலிருந்தே அவளுக்கும் பேச இடம் கொடுத்தீர்கள். “ஆருக்கு என்ன வேணுமோ இப்பவே சொல்லீருங்க. அப்பறம் மூஞ்சியத் தூக்கப்படாது” என்பீர்கள். அவள் செருப்புக் கேட்பாள், அடுத்த மாதம் என்பேன், அரை மணி நேரம் சண்டை நடக்கும். முதல் டப்பாவில் அரிசி பருப்புக்கான பணம். அடுத்தது கேஸுக்கும் கரண்டுக்கும். மூன்றாவது மலர் படிப்புக்கு. நாலாவதுக்குப் பேர் கிடையாது. ஒரு நூறு ரூபாய்த் தாளை மடித்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதில் போடுவீர்கள். எவ்வளவு சேர்ந்தது என்று கேட்டால், “இருக்குது புள்ள” என்பதோடு சரி.

அந்த வார்த்தையை நம்பித்தான் மழையில் வேலையில்லாத மாதத்திலும் நிம்மதியாகத் தூங்கினேன். எனக்குக் கர்வம் வேறு. மாதக் கடைசியில் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்கும்போது அந்த முதல் டப்பாவின், அரிசி டப்பாவின், அடியில் ஒரு நூறு ரூபாய் கிடக்கும். “எங் கைராசியப் பாத்தீங்களா?” என்று உங்களிடமே பீற்றிக்கொள்வேன். “நொம்ப ராசியான கைதான்” என்று சிரிப்பீர்கள்.

அன்று காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் சரிந்தீர்கள். பக்கத்து வீட்டு அண்ணன் வண்டிக்கு ஓடினார். சேலம் ஆஸ்பத்திரிக்குப் பணம் வேண்டுமே என்று நாலாவது டப்பாவைத் திறந்தேன். உள்ளே கனத்தது பழைய துணியில் கட்டிய காப்பிக் கொட்டை. அவிழ்த்து உதறினேன், டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு தாள் இல்லை. நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வலியைவிட வெட்கம்தான் அந்த முகத்தில் அதிகம் இருந்தது. வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த மாதக் கடைசியில் அரிசி டப்பாவில் நூறு ரூபாய் இல்லை. கை அதே கைதான், சிக்கனமும் அதேதான். அப்போதுதான் உறைத்தது, நாலாவதில் போடுவதாகக் காட்டிய தாளைத்தான் அரிசி டப்பாவில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று. பாவி மனுசன், என்னிடம் சொல்லியிருக்கலாமே. மூன்று பேர் உட்கார்ந்து பேசினது பிறகு எதற்கு?

இன்று மலர் உங்கள் இடத்தில் உட்கார்ந்து, “அம்மா, அதுல எவ்வளவு இருக்குது?” என்றாள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “இருக்குது கண்ணு” என்று வந்துவிட்டது.

“நீயும் பொய் சொல்லாதம்மா. அது வெறுங் கொட்டை. எனக்கு அஞ்சாவது படிக்கறப்பவே தெரியும். அம்மாகிட்டச் சொல்லீராத, தூக்கம் வராதுன்னாரு அப்பா.”

அந்தப் பாயில் தெரியாதவள் நான் ஒருத்திதானா?

கொட்டையை வெளியே எடுத்தேன். ஒரு நூறு ரூபாயை, முதுகைத் திருப்பாமல், அவள் பார்க்க உள்ளே போட்டேன். “இப்ப எவ்வளவு?” என்று கேட்டேன். “நூறு” என்றாள்.

துணி மூட்டையை எறிய மனம் வரவில்லை. தலைமாட்டில் வைத்திருக்கிறேன். தூக்கம்தான் வரவில்லை.